தெளிந்த உயிரணுச் சிறுநீரகப் புற்றுநோய்: பெயரும் பொருளும்

முன்னுரை

கலைச்சொல்லாக்கத்தில் சொல்லுக்குச் சொல் பெயர்க்கும் முறையும் ஒன்று. அம்முறை பொருளை மறைக்கும் இடமும் உண்டு என்பதைச் சிறுநீரகப் புற்றுநோயின் ஒரு வகைப்பெயரைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

பெயரின் தோற்றம்

பெரியவர்களுக்குத் தோன்றும் சிறுநீரகப் புற்றுநோய்களுள் பெரும்பான்மையானது 'தெளிந்த உயிரணு' வகையாகும். இவ்வுயிரணுக்களில் கொழுப்பும் கிளைக்கோஜனும் மிகுந்திருக்கும். நுண்ணோக்கியில் காண்பதற்காகத் திசுவைப் பதப்படுத்தும்போது அவை கரைந்து நீங்குவதால், உயிரணுவின் உட்பகுதி வெறுமையாகத் தோன்றுகிறது. எனவே, 'தெளிவு' என்பது ஆய்வுமுறையால் விளைந்த தோற்றமேயன்றி நோயின் இயல்பன்று. தமிழில் 'தெளிதல்' தூய்மையையும் மயக்கம் நீங்குதலையும் உணர்த்தும். ஆகவே, மருத்துவ அறிக்கையில் இச்சொல்லைக் காணும் நோயாளி நோயில்லை எனப் பிறழ உணர இடமுண்டு.

நோயின் இயக்கம்

இவ்வகை நோயில் பெரும்பாலும் 3ஆம் குரோமோசோமிலுள்ள வி.எச்.எல். மரபணு செயலிழக்கிறது. 1993இல் இம்மரபணு இனங்காணப்பட்டது. ஆக்சிஜன் போதிய அளவில் உள்ளபோது எச்.ஐ.எஃப். என்னும் புரதத்தை அழிவுக்கு உட்படுத்துவது வி.எச்.எல். புரதத்தின் பணி. அது செயலிழந்தால் எச்.ஐ.எஃப். அழியாது தேங்குகிறது. ஆக்சிஜன் இருந்தும் இல்லாததுபோல் உயிரணு இயங்கிப் புதிய குருதிக்குழாய்களைத் தூண்டுகிறது. ஆக்சிஜனை உயிரணுக்கள் உணரும் முறையைக் கண்டறிந்தமைக்காக வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா ஆகியோர் 2019இல் நோபல் பரிசு பெற்றனர்.

மருந்துகள் தரும் சான்று

அமெரிக்காவில் 2006இல் ஒப்புதல் பெற்ற சுனிட்டினிப், குருதிக்குழாய் வளர்ச்சிக்குரிய ஆணையை ஏற்கும் வாயில்களை அடைக்கிறது. 2015இல் ஒப்புதல் பெற்ற நிவோலுமாப், நோயெதிர்ப்பு உயிரணுக்கள்மீதுள்ள தடையை நீக்குகிறது. பெல்சுட்டிஃபான் இவற்றின் வேறுபட்டது, எச்.ஐ.எஃப்-2 ஆல்ஃபாவையே நேரடியாகத் தடுக்கிறது. வி.எச்.எல். பரம்பரை நோய்க்கு 2021இலும், முற்றிய சிறுநீரகப் புற்றுநோய்க்கு 2023இலும் அது அங்கு ஒப்புதல் பெற்றது. அதன் முதன்மையான பக்கவிளைவு குருதிச்சோகை. சிவப்பணு ஆக்கத்தைத் தூண்டும் எரித்ரோபாய்ட்டின் சுரப்பும் அதே புரதத்தின் ஆணைக்குட்பட்டதே இதன் காரணம். மருந்தின் பயனும் தீங்கும் ஒரே வேரிலிருந்து கிளைப்பது நோயின் இயக்கத்தை உறுதிப்படுத்துகிறது.

முடிவுரை

பெயர் தோற்றத்தைச் சுட்ட, சிகிச்சையோ இயக்கத்தைப் பற்றி நிற்கிறது. உலக வகைப்பாட்டோடு தொடர்பு அறாதிருக்கத் தோற்றப்பெயர் தேவை. எனினும், 'தெளிந்த' என்பதற்கு மாற்றாக 'வெற்றுத்தோற்ற உயிரணு' என்பது பிறழ்பொருள் தாராது. அதனோடு 'போலி ஆக்சிஜன் பற்றாக்குறை' என்னும் விளக்கத்தொடரையும் இணைத்து வழங்கின், பெயரும் பொருளும் ஒருங்கே படிப்போரைச் சேரும்.