விழிஞ்ஞக் கரையில் ஒரு விண்மீன் பாடம்

வானநூல் என்றதும் பெரிய தொலைநோக்கியும், மலைமேல் ஆய்வுக்கூடமும், கடினமான கணக்கும் நம் நினைவுக்கு வருகின்றன. அவை நமக்கு எட்டாதவை என்றெண்ணி, அண்ணாந்து பார்ப்பதையே விட்டுவிடுகிறோம். திருவனந்தபுரத்தில் பயிலும் நாம் அப்படி இருத்தல் தகாது. 1837இல் சுவாதித் திருநாள் மன்னர் இந்நகரில் அமைத்த வான்காணகத்தின் முதல் தலைவர் ஜான் கால்டகாட். அவர் ஆலப்புழையில் திருவிதாங்கூர் அரசின் வணிக முகவராக இருந்தவர். தம் சொந்தக் கருவிகளால் விண்ணை நோக்கிவந்தவர். ஆர்வலர் ஒருவரே முதல் அறிஞரானார்.

நகருக்குத் தெற்கே, சுமார் 8.4 பாகை வட அகலக்கோட்டில் உள்ளது விழிஞ்ஞம். வடதுருவ மீன் இங்கே அடிவானத்துக்கு மேல் எட்டுப் பாகை உயரமே நிற்பதால், தென்னந்தோப்பு அதை மறைத்துவிடும். ஆனால் தெற்கே கடல்; அதனால் தென்திசை விண்மீன்கள் நமக்குத் தாராளமாகக் கிடைக்கின்றன. அகத்தியர் மீன் பிப்ரவரி நடுவில், இரவு ஒன்பதரை மணியளவில் 29 பாகை உயரத்தில் ஒளிரும். டிசம்பர் முதல் மார்ச் வரை வானம் பெரும்பாலும் தெளிவாயிருக்கும். தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் புத்தகமே துணை.

கரையை அடைந்ததும் அரைமணி நேரம் விளக்கைப் பாராதீர்கள். கண் இருளுக்குப் பழக அவ்வளவு நேரம் வேண்டும். குறிப்பெழுதக் கைவிளக்கின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டிக்கொள்ளுங்கள்.

முதற் பயிற்சி: விழிஞ்ஞத்தின் அகலக்கோட்டை நாமே காண்பது. ஏப்ரல் தொடக்கத்தில் நள்ளிரவை ஒட்டியும், மாதக் கடைசியில் பத்தரை மணியளவிலும், தெற்கே தென்சிலுவை நிமிர்ந்து நிற்கும். அதன் இடப்புறம் இரண்டு பேரொளி மீன்கள் வழிகாட்டும். வலப்புறம் தள்ளிக் காணும் பொய்ச்சிலுவையைக் கண்டு ஏமாறக் கூடாது. கணக்குப் பெட்டியிலுள்ள கோணமானியின் மையத்தில் நூல் கட்டி, நுனியில் சிறு கல்லைத் தொங்கவிடுங்கள். நேர்விளிம்பு மேலே இருக்கப் பிடித்து, அவ்விளிம்பின் வழியே சிலுவையின் அடிமீனைப் பாருங்கள். நூல் தொடும் எண்ணுக்கும் 90க்கும் உள்ள வேறுபாடே மீனின் உயரம். அதை 26.8இலிருந்து கழித்தால் அகலக்கோடு கிடைக்கும். காரணம் எளிது: அம்மீன் வானநடுக்கோட்டுக்குத் தெற்கே 63.2 பாகையில் உள்ளது. 90இல் அது போக எஞ்சுவது 26.8. உயரம் 18.4 என வந்தால் விடை 8.4. சென்னையில் இதே மீன் 14 பாகையைக்கூட எட்டாது, டில்லியில் எழுவதேயில்லை. ஒரு பாகை பிழைத்தால் 111 கிலோமீட்டர் பிழைத்தோம்! ஆகவே பத்து முறை அளந்து சராசரி எடுப்பது நன்று.

இரண்டாம் பயிற்சி ஆதிரையைப் பற்றியது. ஆதிரை ஒரே ஒளியுடன் நிற்பதில்லை. 2019 இறுதியில் மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் ஒளித்தரம் 1.6 அளவுக்கு இறங்கியது. எண் கூடினால் ஒளி குறைவு என்பது விதி. அப்போது அதன் பக்கத்துத் தோள்மீனான பெல்லாட்ரிக்சும் அதுவும் ஏறத்தாழ ஒத்திருந்தன. வெறுங்கண்ணுக்கே தெரிந்த மாற்றம் இது. பிரோசியான் மீனின் தரம் 0.4, உரோகிணியின் தரம் 0.9. இவ்விரண்டுக்கும் நடுவே ஆதிரை தோன்றினால் 0.6 அல்லது 0.7 என்று நாளும் நேரமும் சேர்த்து எழுதுங்கள். அடிவானத்தருகே ஒளி மங்குமாதலால், மூன்றும் நன்கு உயர்ந்தபின் ஒப்பிட வேண்டும். நேற்று எழுதியதை இன்று பார்த்துத் திருத்தாதீர்கள். திருத்திய குறிப்பு பயனற்றது.

இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். வங்கத்தின் ஜெசூரில் அரசுக் கருவூலத்தில் வேலைபார்த்த ராதாகோவிந்த சந்திரர் கல்லூரியில் கால்வைக்காதவர். பகலில் பணம் எண்ணினார். இரவில் மாறுமீன்களை நோக்கினார். 1911இல் தோன்றிய அமெரிக்க மாறுமீன் நோக்குநர் சங்கத்துக்கு அவர் அனுப்பிய குறிப்புகள் 37,000க்கு மேல். அவர் உழைப்பை மதித்து அச்சங்கம் ஆறு அங்குலத் தொலைநோக்கியொன்றைக் கடனாக அனுப்பியது. பிற்காலத்தில் அது வைணு பாப்பு அவர்களின் கைக்கு வந்தது. அந்த அறிஞர் பெயரைத் தாங்கியே தமிழ்நாட்டின் காவலூர் வான்காணகம் நிற்கிறது.

2025 மே மாதம் விழிஞ்ஞத்தின் புதிய துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. கப்பல் வருவது நாட்டுக்கு நலம். ஆயினும் அதன் விளக்கொளி வானத்தையும் வெளுக்கச் செய்கிறது. வடக்கே கோவளத்தில் நின்றால் தென்வானத்தின் முன் அவ்வொளி நிற்கும். ஆகவே துறைமுகத்துக்குத் தென்கிழக்கே அடிமலத்துறைப் பக்கம் செல்வது நல்லது. தனியே செல்லாமல் நால்வராகச் சென்று, கரையிலுள்ள மீனவரிடம் சொல்லிவிட்டு அமருங்கள்.

இன்று ஆறாம் தர மீன் வரை தெரிகிறதா, நான்காம் தரத்தோடு நின்றுவிடுகிறதா என்பதையும் குறித்து வையுங்கள். நமக்குப் பின் இங்கே படிக்க வருவோர்க்கு எவ்வளவு வானம் எஞ்சியது என்பதற்கு அந்தக் குறிப்பேடே சான்றாகும். நண்பர்களே, கோணமானி உங்கள் பெட்டியில் இருக்கிறது. நூலும் கல்லுந்தான் தேட வேண்டும்.