முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

சென்னை இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையத்தின் வெளிச்சுவரைப் பார்த்திருக்கீங்களா? 2021-இல் சென்னை ஓவியர் ஏ-கில், கத்ரா என்ற ஓவியருடன் சேர்ந்து அதில் மிகப்பெரிய முகங்களை வரைந்தார். அந்த முகங்களில் எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்பவர்களும் உண்டு. யார் அவர்கள் என்று உங்களால் சொல்ல முடியாது. சுவர் தரும் பாடமே அதுதான்.

முகத்தை வைத்துத் தொற்றைக் கண்டுபிடிக்க முடியாது, பரிசோதனைதான் வழி. தொட்டாலோ, சேர்ந்து சாப்பிட்டாலோ பரவாது. அதனால் யாரையும் ஒதுக்கவும் வேண்டாம். பயந்துகிட்டு பரிசோதனையைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம். முடிவு ரகசியமாக வைக்கப்படும். தொற்று உறுதியானால் ஏ.ஆர்.டி. மையத்தில் கூட்டு மருந்தும் இலவசம். வேலையில் பாகுபாடு காட்டுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சந்தேகமா? 1097-க்குக் கூப்பிடுங்க, கட்டணம் கிடையாது.