சாளரங்களை வேலைப்படி அடுக்குதல்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கட்டுமானக் கம்பி செய்யும் ஆலையொன்றின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் லினக்ஸ் கணினியோடு உழைத்துவரும் எனக்கு, சாளரங்கள் ஒன்றையொன்று மறைக்காமல் தாமே பக்கம் பக்கமாகப் பொருந்தி நிற்கும் டைலிங் முறையின் அருமையை உணர்த்தியது எங்கள் தூண்டல் உலையே. உலையிலிருந்து எடுத்த மாதிரியை ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைத்துச் சில நிமிஷங்களில் முடிவு வந்ததும், அதை ஐ.எஸ். 1786 தரநிர்ணயத்தோடு ஒப்பிட்டு, எஃப்.இ. 500டி கம்பியானால் கார்பன் 0.25 சதவீதத்தையும் கந்தகம் 0.040 சதவீதத்தையும் தாண்டவில்லை என்று நிச்சயித்து, உலையடியிலிருந்து ஃபோனில் கேட்பவருக்கு உடனே மறுமொழி சொல்லியாக வேண்டும். அவ்வேளையில் சோதனை முடிவு, ஹீட் (ஒரே தடவையில் உருக்கிய தொகுதி) பதிவேடு, தரநிர்ணயப் பி.டி.எஃப். ஆகிய மூன்றும் தேடாமலே கைக்கு எட்ட வேண்டும்.

இம்முறை புதியதன்று, 1985-ல் வெளிவந்த முதல் விண்டோஸிலேயே சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாமல்தான் நின்றன. நான் உபயோகிப்பது, மைக்கேல் ஸ்டாப்பெல்பெர்க் என்ற ஜெர்மானியர் 2009-ல் வெளியிட்ட ஐ3 என்ற டைலிங் சாளர மேலாளர். வேலண்ட் என்ற புதிய காட்சி முறைக்கு மாறியவர்கள், ஏறக்குறைய அதே அமைப்புக் கோப்பை ஐ3-ஐ ஒத்த ஸ்வேயிலும் வைத்துக்கொள்ளலாம்.

என் அனுபவத்தில் முதன்மையான பாடம், சாளரங்களைச் செயலிவாரியாகப் பிரிக்காமல் காரியவாரியாகச் சேர்க்க வேண்டும் என்பதே. பிரௌசர்களெல்லாம் இரண்டாம் தளத்தில் (ஒர்க்ஸ்பேஸில்), பி.டி.எஃப்.களெல்லாம் மூன்றாம் தளத்தில் என்று வகுப்பது பார்வைக்கு ஒழுங்காயிருப்பினும், ஒரே ஹீட்டுக்குரிய தகவல் நாலு இடத்தில் சிதறிப்போகும். யார்டில் பில்லெட்டுகளை ஹீட் நம்பர்வாரியாக அடுக்குகிறோமே, அந்த நியாயமே திரைக்கும் பொருந்தும். ஆகையால் என்னிடத்தில் ஒன்றாம் தளம் உலைக்கு, இரண்டாவது உருட்டாலைக்கு, மூன்றாவது டிஸ்பேச் சான்றிதழ்களுக்கு.

அடுத்து, ஐ3 சாளரங்களைக் கிளை பிரியும் மரமாகக் கருதுகிறது என்பதை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். சோதனை முடிவு இடப்புறமும் பதிவேடு வலப்புறமும் இருக்க, பதிவேட்டின்மேல் நின்று, ஐ3 கட்டளைகளுக்கென ஒதுக்கிய மாட் விசையோடு ‘வி’ அழுத்திப் பி.டி.எஃப்.ஐத் திறந்தால், அது பதிவேட்டின் கீழே அமர்ந்து, இரண்டும் ஒரு குழுவாகிவிடும். பின்னர் மாட், ‘டபிள்யூ’ அழுத்த, அக்குழு மட்டும் டேப்களாக மாறும், இடப்பாதி அசையாது. மாட், ‘ஏ’ அழுத்தினால் குழு முழுவதும் தேர்வாகும். அதன்பின் மாட், ஷிஃப்ட், 4 அழுத்தினால் முழுக் குழுவும் ஒருசேர நான்காம் தளத்துக்குச் செல்லும். இந்த ‘ஏ’ விசையைப் பழகாதவருக்கு ஐ3-இன் பாதிப் பிரயோஜனம் கிட்டாது.

‘அசைன்’ கட்டளையைச் சிக்கனமாகக் கையாள்வது உத்தமம். எக்ஸ்பிராப் என்ற கருவி காட்டும் வகைப்பெயரைக் கொண்டு செயலியைத் தளத்தோடு பிணைக்கலாமாயினும், பி.டி.எஃப். காட்டும் செயலி எல்லாக் காரியத்துக்கும் பொதுவானது; அதைக் கட்டிப்போட்டால் உலையின் ஆவணமும் டிஸ்பேச்சின் ஆவணமும் ஒரே மூலையில் குவியும். மின்னஞ்சலைப் போல ஒரே இடத்துக்குரியவற்றை மட்டும் பிணைத்து, கால்குலேட்டரைப் போல எங்கும் தேவைப்படுவதை ஸ்கிராட்ச்பேட் என்ற மறைவிடத்தில் வைத்துவிட்டால், மாட் விசையும் கழித்தல் குறியும் அதை எத்தளத்திலும் வருவித்துத் தரும்.

தளங்களுக்கு எண்ணோடு பெயரும் இடுங்கள். தமிழிலேயே ‘1: உலை’ என்றும் எழுதலாம். விசைக் கட்டளையில் ‘ஒர்க்ஸ்பேஸ் நம்பர் 1’ என்று குறித்துவிட்டால், பிற்பாடு பெயரை மாற்றினாலும் விசை மாறாது. கோப்பைத் திருத்திய பின் மாட், ஷிஃப்ட், ‘ஆர்’ அழுத்தினால், திறந்திருப்பவை கலையாமலே புதிய அமைப்பு அமலுக்கு வரும்.

ஆலைக் கணினி ஒருவருக்கே சொந்தமன்று. இரவு ஷிஃப்ட்டுக்கு வருகிறவரும் அதே திரையின் முன்தான் அமர்கிறார். ஆதலால் அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்க்குமுன், அது எனக்குச் சௌகரியமா என்பதோடு, சொல்லிக்கொடுக்காமலே அவருக்கு விளங்குமா என்றும் கேட்டுக்கொள்வதை நியமமாகக் கொண்டிருக்கிறேன். அவருக்கும் விளங்குகிற அமைப்பே நிலைக்கிறது.