மறதி இல்லாதவரைத்தான் தேடுகிறோம்

"எனக்கொரு மறதியும் இல்லைப் பிள்ளை. வேற ஆரையும் பாருங்கோ."

மறதிநோய்த் தடுப்பைப் பற்றிக் கொழும்பின் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பேசப்போனால் வாசலிலேயே கிடைக்கும் பதில் இது. மரியாதையாகத்தான் சொல்கிறார்கள், தேத்தண்ணியும் தருகிறார்கள். ஆனால் தடுப்பு ஆய்வுக்கு வேண்டியவர்கள் அவர்களேதான். வருமுன் காக்க முடியுமா என்று பார்க்க, இன்னும் வராதவர்கள்தானே வேண்டும்? ஃபின்லாந்தின் ஃபிங்கர் ஆய்வு 2009 முதல் 2011 வரை, 60 முதல் 77 வயதுவரையான 1,260 பேரைச் சேர்த்தது. அவர்களில் எவருக்கும் மறதிநோய் இருக்கவில்லை. பிரஷர், கொழுப்பு, உடல் அசைவின்மை போன்றவற்றால் பிற்காலத்தில் அது வரும் வாய்ப்புத்தான் சற்றுக் கூடுதலாக இருந்தது.

பிரஷர், பாரிசவாதம் தொடர்பான ஆய்வுகளில் ஒருங்கிணைப்பாளராக வேலை செய்பவள் நான். மூளையின் பிற்காலமும் இந்த இரண்டோடு பிணைந்தே கிடப்பதால், மறதிநோய் பற்றிய பேச்சு வராத நாள் குறைவு. அந்தப் பேச்சில் திரும்பத் திரும்ப வரும் சில நம்பிக்கைகளைப் பற்றி எழுதவேண்டியிருக்கிறது.

"வயசு போனால் அறளை பெயரும்தானே. அதுக்கென்ன ஆராய்ச்சி?"

களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தினர் றாகமவில் 65 வயதைத் தாண்டிய 703 பேரைப் பரிசோதித்து 2003இல் முடிவை வெளியிட்டார்கள். மறதிநோய் இருந்தது ஏறக்குறைய 4 வீதத்தினருக்கு. வயது ஏற ஏற இந்த வீதமும் ஏறும், உண்மைதான். ஆனாலும் நூறு பேரில் தொண்ணூற்றாறு பேருக்கு இல்லாத ஒன்றை முதுமையின் இயல்பு என்று எப்படிச் சொல்வது? லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024இல் மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டது. அவை எல்லாவற்றையும் நீக்க முடிந்தால் உலகில் மறதிநோயின் 45 வீதத்தைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அதன் கணிப்பு. பிரஷர், சீனி வருத்தம், புகைத்தல், கேள்விக் குறைபாடு, பார்வைக் குறைபாடு எல்லாம் அதில் உண்டு. தனிமையும் உண்டு. பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்க, காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே ஒரு ஃபிளாட்டில் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கும் அம்மாக்களை நினைத்தால், அந்தச் சொல்லை என்னால் இலகுவில் கடந்துபோக முடிவதில்லை.

"கையெழுத்து வாங்கிப்போட்டு எங்களை எலியாக்கிப்போடுவினம்."

இந்தப் பயத்தை அறியாமை என்று ஒதுக்கக்கூடாது. அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் இருந்த கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை கொடுக்காமல் நோய் போகும் போக்கைப் பதிந்துகொண்டிருந்தார்கள். பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. இன்று நாங்கள் தரும் சம்மதப் படிவம் பல பக்கம் நீளுவதற்கு இப்படிப்பட்ட கொடுமைகள்தான் காரணம். ஒழுக்கநெறி மீளாய்வுக் குழு ஒப்புதல் தராமல் ஓர் ஆளைக்கூடச் சேர்க்க முடியாது. இலங்கை மருத்துவச் சங்கம் 2006இல் தொடங்கிய மருத்துவப் பரிசோதனைப் பதிவேடு உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட முதன்மைப் பதிவேடுகளில் ஒன்று. இணையத்தில் எவரும் பார்க்கலாம். உங்களைக் கேட்டு வருபவரிடம் ஆய்வின் பதிவிலக்கத்தைக் கேளுங்கள். தரத் தயங்கினால் கையெழுத்து வைக்காதீர்கள்.

தடுப்பு ஆய்வு என்றாலே புது மாத்திரை என்பதும் சரியில்லை. ஃபிங்கரில் சோதித்தது உணவு, உடற்பயிற்சி, மூளைக்குப் பயிற்சி, பிரஷர் முதலியவற்றைக் கவனித்தல் ஆகிய நான்கையும் சேர்த்து. இரண்டு வருட முடிவில் இந்த நான்கையும் பெற்ற குழுவினரின் சிந்தனைத் திறன் மற்றவர்களைவிடக் கூடுதலாக முன்னேறியிருந்தது. மறதிநோயே குறைந்ததா என்பதை அந்த இரண்டு வருடம் காட்டவில்லை. அதைக் காட்டியது சீனக் கிராமங்கள்: 326 கிராமங்களில் ஏறத்தாழ 34,000 பேர். ஒரு பகுதியில் கிராம வைத்தியர்கள் பிரஷரை இறுக்கமாகக் கட்டுப்படுத்தினார்கள், மறுபகுதியில் வழக்கமான கவனிப்பு. நான்கு வருடத்தில் முதற்பகுதியில் மறதிநோய் மறுபகுதியைவிட 15 வீதம் குறைவாக இருந்தது. 2025இல் வந்த இந்த முடிவு என்னை மிகவும் உற்சாகப்படுத்தியது, ஏனென்றால் அங்கே கொடுத்தவை பெரும்பாலும் எங்கள் கிளினிக்குகளிலும் கிடைக்கும் சாதாரணப் பிரஷர் மருந்துகள். இலங்கையிலும் 2016, 2017இல் 11 ஆஸ்பத்திரிக் கிளினிக்குகளில் 700 பேரோடு ஓர் ஆய்வு நடந்தது. பழைய மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே மாத்திரையாக்கிக் கொடுத்தபோது, ஆறு மாதத்தில் 70 வீதத்தினரின் பிரஷர் இலக்குக்குள் வந்தது. வழக்கமான சிகிச்சையில் 55 வீதம். எங்கள் சனத்தைக் கொண்டு பெரிய ஆய்வு செய்ய முடியாது என்பவர்களுக்கு இது போதும்.

"மகன் கனடாவில இருந்து ஓமெண்டிட்டார், பிறகென்ன?"

மகனின் ஓம் போதாது. அம்மாவுக்கு விளங்கிக்கொள்ளும் சக்தி இருக்கும்வரை முடிவு அவருடையது. வீடியோ அழைப்பில் மகன் "வைச்சுவிடுங்கோ அம்மா" என்று சொல்லச் சொல்ல அவர் பேனையை எடுத்தால், அன்று நான் படிவத்தைத் திருப்பி வாங்கிவிடுவேன். மகன் வேண்டாம் என்று மறித்தும் அம்மாவுக்கு விருப்பம் இருந்தால், அதற்கும் மதிப்பு உண்டு. எழுத வாசிக்கத் தெரியாதவராக இருந்தால் ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி பக்கத்தில் இருக்க, முழுவதையும் வாசித்துக் காட்டவேண்டும். இடையில் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, கிளினிக்கில் கிடைக்கும் சிகிச்சைக்குக் குறை வராது. இந்த மூன்றையும் அவர் தன் வாயால் எனக்குத் திருப்பிச் சொல்லும்வரை நான் பேனையைக் கொடுப்பதில்லை.

"மிஸ் சும்மா பிரஷர் பார்த்து எழுதுறவதானே."

பார்த்து எழுதுவதில்தான் எல்லாம் இருக்கிறது. வந்தவர் கதிரையில் முதுகு சாய்த்து, கால் இரண்டையும் நிலத்தில் வைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கவேண்டும். மாடிப்படி ஏறி வந்த களைப்போடு, பஸ் கதையைச் சொல்லிக்கொண்டே கையை நீட்டினால் வரும் இலக்கம் பொய். ஒருமுறை பார்த்தால் போதாது. பிழையாக எழுதினால் டிப்பெக்ஸ் பூசக்கூடாது: ஒரு கோடு இழுத்து, பழைய இலக்கம் தெரியத்தக்கதாக வெட்டி, பக்கத்தில் திருத்தி, கையொப்பமும் திகதியும் இடவேண்டும். நினைவாற்றல் சோதனையின்போது மகளை வெளியே இருக்கச் சொல்வேன். பலருக்கு அது கோபம். ஆனால் அம்மா தடுமாறும் கணத்தில் மகளின் உதடு தானாக அசைந்துவிடும், அன்பினால்தான். மொழியும் முக்கியம். இங்கிலிஷில் படித்து, தமிழில் குடும்பம் நடத்தி, கடையில் சிங்களம் பேசும் கொழும்புக்காரரை எந்த மொழியில் சோதிப்பது? அவருக்கு இலகுவான மொழியில். முதல் நாள் எந்த மொழியோ கடைசி நாளும் அதே மொழியில்.

"ஒருக்கா வராட்டில் என்ன குறைஞ்சுபோகும்?"

மற்ற ஆய்வுகளைவிட இங்கே நிறையக் குறையும். பேரப்பிள்ளை பார்க்க ஆறு மாதம் வெளிநாடு போகிறவர்கள் வெள்ளவத்தையில் அதிகம். அது பரவாயில்லை, முன்கூட்டிச் சொன்னால் திகதியை ஓரளவு மாற்றலாம். ஆனால் தவணைக்கு வராமல் நின்றுவிடுகிறவர்களில் சிலர், மறதி தொடங்கியதாலேயே நின்றிருப்பார்கள். கிளினிக் நாள் நினைவில் இருக்காது, அல்லது சோதனையில் தடுமாறியது வெட்கமாக இருக்கும். அவர்கள் கணக்கில் இருந்து மறைந்தால், மிஞ்சியவர்கள் எல்லாரும் நன்றாக இருப்பது போலத் தெரியும். பயனில்லாத சிகிச்சையும் பயனுள்ளதாகத் தோன்றக்கூடும். அதனால்தான் விடாமல் தொலைபேசி எடுக்கிறோம், இரண்டாவது தொடர்பு இலக்கமும் கேட்டு வைக்கிறோம். தொல்லை கொடுக்கிறோம் என்று நினைக்கவேண்டாம்.

வல்லாரை பற்றிக் கேட்காத வீடில்லை. சம்பல் போட்டு நன்றாகச் சாப்பிடுங்கள், கீரை நல்லது. மறதிநோயை அது தடுக்கும் என்று நிரூபித்த பெரிய ஆய்வு எதுவும் கிடையாது. ஞாபகசக்திக்கென்று உலகெங்கும் விற்கும் ஜிங்கோ இலைச்சாற்றை அமெரிக்காவில் 3,000க்கு மேற்பட்ட முதியவர்களிடம் சோதித்தார்கள். 2008இல் வந்த முடிவு: மறதிநோய் குறையவில்லை. பிரஷர் குளிசையை நிறுத்திவிட்டுப் போத்தலில் விற்கும் மூலிகையை எடுப்பவர்களைக் கண்டால்தான் எனக்கு மனம் பதறும்.

கடைசியாக, கொட்டாஞ்சேனையில் ஓர் ஐயா சொன்னது: "எல்லாம் முடிஞ்சால் ஒருத்தரும் எங்களத் திரும்பிப் பார்க்கமாட்டாங்க."

இதை என்னால் மறுக்க முடியாது. வருடக்கணக்கில் கை நீட்டியவர்களுக்கு முடிவைச் சொல்லாமலே கோப்பை மூடிய ஆய்வுகள் உண்டு. பொதுவான முடிவுகளை அறியும் வாய்ப்பைப் பங்குபற்றியவர்களுக்குத் தரவேண்டும் என்று மருத்துவ ஆய்வு ஒழுக்கநெறிக்கான ஹெல்சிங்கி பிரகடனமே சொல்கிறது. ஆகவே கையெழுத்திடும் நாளிலேயே கேளுங்கள்: முடிவை எப்போது, யார், எந்த மொழியில் எனக்குச் சொல்வீர்கள்? சொன்ன பதிலை அந்தப் படிவத்திலேயே எழுதுவித்து, உங்கள் பிரதியை வாங்கி வீட்டில் வையுங்கள்.