டெல்டாவிலிருந்து பெரிய ஐ.டி. கம்பெனிக்கு: இன்டர்வியூவுக்குத் தயாராகும் வழி

வல்லம், திருமலைசமுத்திரம், கும்பகோணம் என்று தஞ்சையைச் சுற்றிலும் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் நிறைய. மார்க் இருக்கும், சான்றிதழ்களும் இருக்கும். இன்டர்வியூ அறைக்குள் போனதும் வாய் கட்டிப்போகும். ஆங்கிலம் வராததால் என்று பழியை அதன்மேல் போடுவார்கள். யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லிப் பழகாததே பல நேரம் காரணம். அதைப் பழக்கிக்கொள்ளும் வழி இது.

1. எந்தக் கம்பெனி என்று பாருங்கள்

டி.சி.எஸ்., காக்னிசன்ட் போன்ற சேவை நிறுவனங்கள் ஆன்லைன் தேர்விலேயே பலரைக் கழித்துவிடும். கணக்கு, தர்க்கம், ஆங்கிலம், கொஞ்சம் கோடிங் வரும். தஞ்சை மாவட்டத்தில் பிறந்த ஸ்ரீதர் வேம்பு தொடங்கிய ஸோஹோவில் புரோகிராம் எழுதும் சுற்றுகள்தான் கனம். டாக்ஸி புக்கிங், ரயில் முன்பதிவு மாதிரி ஒரு சின்ன மென்பொருளைச் சில மணி நேரத்தில் முழுசாக எழுதச் சொல்வது அங்கே வழக்கம். கூகுள், அமேசானில் டேட்டா ஸ்ட்ரக்சரும் அல்காரிதமும் ஆழமாகப் போகும். அமேசான் தன் 16 தலைமைக் கொள்கைகளை வைத்தும் கேள்வி கேட்கும்.

2. ரெஸ்யூம் ஒரே பக்கம்

தெரியாததை எழுதாதீர்கள். பைத்தான் என்று எழுதினால் அதில்தான் முதல் கேள்வி வரும்.

3. புராஜெக்ட்டை ஊரிலிருந்து எடுங்கள்

நூலக மேலாண்மை புராஜெக்ட்டைப் பார்த்துப் பார்த்து இன்டர்வியூ எடுப்பவருக்கு அலுத்துப்போயிருக்கும். உங்கள் ஊர் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு டோக்கன் முறை ஒன்று எழுதிப் பாருங்கள். சிட்டா, அடங்கல் கொடுத்தவருக்கு வரிசை எண். ஒரு மூட்டை 40 கிலோ. ஒரு நாளைக்கு இத்தனை மூட்டைதான் என்று ஒரு வரம்பு. இதுவரை சாதாரண க்யூ.

சிக்கல் இனிமேல்தான். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லை எடுக்க மாட்டார்கள். ராத்திரி மழையில் குவியல் நனைந்துவிட்டது. அந்த விவசாயியின் டோக்கன் ரத்தா, கடைசிக்குப் போகுமா, காய்ந்து வரும்வரை இடம் காத்திருக்குமா? இதற்கு ஒரு முடிவெடுத்து, அதற்கேற்ற டேட்டா ஸ்ட்ரக்சரைத் தேர்ந்தெடுங்கள். "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று கேட்டால் உங்களிடம் சொந்தமாக ஒரு பதில் இருக்கும். இன்டர்வியூவில் அவர்கள் தேடுவது அந்தப் பதிலைத்தான்.

4. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுங்கள்

நண்பர் ஒருவரை எதிரில் உட்கார வையுங்கள். கணக்கைக் கேட்டதும் எழுத ஆரம்பிக்காதீர்கள். உள்ளீடு எவ்வளவு பெரிது, காலியாக வருமா, ஒரே எண் திரும்ப வருமா என்று முதலில் கேளுங்கள். எளிய வழியைச் சொல்லுங்கள், அது எங்கே மெதுவாகும் என்று சொல்லுங்கள், பிறகு நல்ல வழிக்குப் போங்கள். முதலில் தமிழிலேயே விளக்குங்கள். தமிழில் தெளிந்த பிறகு அதையே ஆங்கிலத்தில் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, எப்படி யோசிப்பீர்கள் என்று தொடருங்கள்.

5. முந்தைய நாளே போய்விடுங்கள்

உழவன் எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்கப் பயணம் செய்துவிட்டு நேரே தேர்வில் உட்கார்ந்தால் தலை வேலை செய்யாது. ஸோஹோ வளாகம் கூடுவாஞ்சேரி பக்கம். எழும்பூர் வரை போகாமல் தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயில் பிடிக்கலாம்.

6. பணம் கேட்டால் விலகுங்கள்

நல்ல கம்பெனி எதுவும் டெபாசிட், பயிற்சிக் கட்டணம் என்று வேலைக்குக் காசு வாங்காது. ஆஃபர் லெட்டர் கம்பெனியின் சொந்த மின்னஞ்சல் முகவரியிலிருந்து வந்ததா என்று பாருங்கள். பாண்ட் இருந்தால் காலமும் தொகையும் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

7. சேர்ந்த பிறகு

பெரிய கம்பெனியில் நீங்கள் எழுதும் புரோகிராமை சீனியர் ஒருவர் பார்த்து, வரிக்கு வரி திருத்தச் சொல்வார். அது திட்டு அல்ல, அன்றாட நடைமுறை. ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டால் நாள் முழுக்கத் தனியாக முட்டிக்கொண்டிருக்காதீர்கள். என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்று எழுதிக் கேளுங்கள். மேனேஜரை "சார்" என்று கூப்பிடாமல் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்வார்கள். ஒரு வாரத்தில் பழகிவிடும்.

சென்னைக்குத்தான் போயாக வேண்டும் என்றும் இப்போது இல்லை. 2024 செப்டம்பரில் தஞ்சை மேலவஸ்தாசாவடியிலேயே டைடல் நியோ பூங்கா திறந்தாகிவிட்டது. வேலை ஊருக்கே வந்தாலும் தேர்வு எளிதாகிவிடாது. கொள்முதல் நிலைய டோக்கனை இந்த வாரமே எழுதத் தொடங்குங்கள்.