ஆண்டு மதிப்பீட்டு அறிக்கை: எழுதுவோரின் பொறுப்பு

ஓர் அலுவலரின் பதவி உயர்வைத் தடுக்க அவரைக் குறைகூறி எழுதவேண்டும் என்பதில்லை. "நன்று" என்று எழுதினாலே போதும். எல்லைச் சாலைப் பொறியியல் பணியில் செயற்பொறியாளராக இருந்த தேவ் தத் என்பவருக்கு நேர்ந்தது இதுவே. மேற்பதவிக்கு ஐந்தாண்டுகளிலும் "மிக நன்று" என்ற தரம் தேவைப்பட்டது. 1993-94ஆம் ஆண்டில் அவர் பெற்றதோ "நன்று". பாதகமான குறிப்புகளை மட்டுமே தெரிவிக்கும் வழக்கம் அன்று இருந்தமையால், இது அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை. அவருக்கு இளையோர் உயர்வு பெற்றனர். எந்தத் தரமாயினும் உரியவருக்குத் தெரிவிக்கவேண்டும் என்று 2008 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அவர் ஓய்வு பெற்றிருந்தார்.

இத்தீர்ப்பையொட்டி மத்தியப் பணியாளர் துறை 2009 மே 14 அன்று ஆணை பிறப்பித்தது. "மந்தண அறிக்கை" என்பது "செயல்திறன் மதிப்பீட்டு அறிக்கை" ஆயிற்று. அறிக்கை முழுவதையும் அலுவலரிடம் காட்டவேண்டும். அவர் 15 நாட்களுக்குள் முறையீடு செய்யலாம். 2013இல் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வும் இக்கொள்கையை உறுதிசெய்தது.

மதிப்பெண் முறையும் வந்தது. செய்த பணிக்கு 40 விழுக்காடு, தனிப் பண்புகளுக்கு 30, பணித் திறமைக்கு 30 எனப் பகுக்கப்பட்டது. 10க்கு 4 முதல் 6க்குள் "நன்று". 6 முதல் 8க்குள் "மிக நன்று". அதற்கு மேல் "தலைசிறந்தது". 1, 2 அல்லது 9, 10 வழங்கினால் குறிப்பிட்ட நிகழ்ச்சிகளைக் கொண்டு காரணம் காட்டவேண்டும். ஆனால் பலருடைய எதிர்காலம் முடிவாவது 5.9க்கும் 6க்கும் இடையில். அங்கே காரணம் எழுதும் கட்டாயம் இல்லை. எழுதுபவரின் மனச்சான்றே அங்கு விதி.

பணியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. ஏப்ரல் 15க்குள் தன்மதிப்பீடும், ஜூன் 30க்குள் மேலலுவலரின் அறிக்கையும் முடியவேண்டும் என்பது வழக்கமான கால அட்டவணை. முந்திய மே மாதத்தில் சிக்கலான ஒப்பந்தப்புள்ளியை ஒருவர் செம்மையாக முடித்திருக்கலாம். பிப்ரவரியில் ஒரு கோப்பைத் தாமதித்திருக்கலாம். எழுத அமரும்போது நினைவில் நிற்பது பிப்ரவரியே.

இதற்கு மருந்து எளியது. ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, நாள், பணி, விளைவு ஆகியவற்றை அவ்வப்போது குறித்து வைக்கவேண்டும். இலக்கு தவறியதா? நிதி தாமதமாக வந்ததாலா, அவருடைய கவனக்குறைவாலா என்பதையும் உடன் எழுதவேண்டும். மூன்று மாதத்திற்கொருமுறை அவரை அழைத்து இக்குறிப்புகளைக் கூறினால், திருந்துவதற்கு அவகாசம் கிடைக்கும். ஆண்டிறுதியில் அறிக்கை அவருக்கு அதிர்ச்சியாக இராது.

"ஆர்வமுள்ளவர்" என்பது கருத்து. "நிலுவையிலிருந்த ஓய்வூதியக் கோப்புகளை உரிய காலத்தில் முடித்தார்" என்பது சான்று. முறையீடு வரும்போது நிலைத்து நிற்பது சான்றே. ஓர் ஊழியரின் ஓராண்டு உழைப்பை ஒரு சொல்லில் அடக்குமுன், அச்சொல்லுக்கு ஆதாரம் நம் கையில் உண்டா என்று பார்த்தல் நமது கடமை.