விசேட தேவையுடைய மாணவரின் சுகநலம்: வலிப்பு

விசேட தேவை என்றதும் சக்கர நாற்காலியே உங்கள் நினைவுக்கு வரலாம். வெளியில் தெரியாத தேவைகளும் உள்ளன. வலிப்பு அவற்றுள் ஒன்று. மூளையின் நரம்புக் கலங்களில் மின் தொழிற்பாடு திடீரெனச் சீர்குலைவதால் இது ஏற்படுகின்றது. இது தொற்றுநோயன்று, பேய் பிடித்தலுமன்று.

வகுப்பறையில் தோழர் ஒருவர் வலிப்புற்று விழுந்தால்:

1. நேரத்தைக் குறித்துக்கொண்டு ஆசிரியருக்கு அறிவியுங்கள்.
2. அருகிலுள்ள கதிரை, மேசைகளை அகற்றுங்கள்.
3. தலையின் கீழ் மென்மையான துணியை வைத்து, கழுத்துப்பட்டியைத் தளர்த்துங்கள்.
4. வலிப்பு நின்றதும் ஒருபக்கமாகச் சரித்துக் கிடத்துங்கள். சுவாசப்பாதை அடைபடாதிருக்க இது உதவும்.

5 நிமிடங்களுக்கு மேல் நீடித்தால் 1990 சுவசரிய அம்புலன்ஸ் சேவையை உடன் அழைக்க வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை:
• கைகால்களை இறுக்கிப் பிடித்தல்
• வாயினுள் கரண்டி செருகுதல் (பல் உடையலாம்)
• நீர் பருக்குதல் (புரையேறலாம்)
• இரும்புத் திறப்பைக் கையில் கொடுத்தல் (பயனில்லை)

மாதிரி வினா: வலிப்பு நின்ற பின் அத்தோழரின் உளநலம் பேண நீங்கள் செய்யக்கூடிய இரண்டைக் குறிப்பிடுக.

விடை:
(அ) கூட்டத்தை விலக்கி, தெளிவடையும்வரை அருகிலிருத்தல்.
(ஆ) கேலி செய்யாது, கற்றலிலும் விளையாட்டிலும் முன்போலவே சேர்த்துக்கொள்ளல்.